ஆம்பூரின் ஒரே கப்பல்காரர்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த பெரியவரின் செல்போன் அடித்தது. இப்போதெல்லாம் ஆளாளுக்கு ஒரு பாட்டு வைத்துக்கொள்கிறார்கள். அவர் அந்தக் காலத்துக் கறுப்பு டெலிபோனின் மணியை வைத்திருந்தார். ட்ரிங் ட்ரிங், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ட்ரிங் ட்ரிங். என் வலது கை தானாக எழுந்து காதருகே போய்விட்டது. வாய் 'குட் மார்னிங்' என்று ஆரம்பித்தும் விட்டது. பக்கத்தில் இருந்த பெண், தனக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்துப் பதிலுக்கு 'குட் மார்னிங்' சொன்னாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

என்ன செய்ய? கல்யாணத்துக்கு முன்னால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவள் நான். அந்த மணிக்கு என் கை மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.

டைப்ரைட்டிங் லோயர் முடித்த பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்தது பெரிய விஷயம். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஷூ வாங்குகிறவர்கள் கூப்பிடுவார்கள். 'ஒன் மினிட் சார், ஹோல்ட் ஆன் சார்' என்பதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருந்தேன். அதற்கு மேல் என் இங்கிலீஷ் நீளாது. மறுமுனையில் பேசுவது பெண்ணாக இருந்தாலும் சார்தான். எங்கள் மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, "அவங்க மேடம்மா. மூணு மாசமா சாரு சாருன்னு கூப்புட்டுனு இருக்க" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனிக்குப் பின்பக்கம் ஒரு தோல் மண்டி. பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்பைத் தேய்த்து அடுக்கி வைத்திருப்பார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால், ஜன்னலைச் சாத்தினாலும் உப்பும் தோலும் கலந்த வாடை உள்ளே வந்துவிடும். எங்களுக்கு உப்பு வாடை என்றால் அதுதான். கடலை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் பார்த்ததில்லை. பாலாற்றிலேயே தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் நாங்கள்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் கப்பலுக்குப் போனார். பெயர் சாமுவேல். சாமு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எங்கள் கம்பெனியில் ஷூப் பெட்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றுகிற வேலையில் இருந்தார். கன்டெய்னரோடு லாரியில் சென்னைத் துறைமுகத்துக்கும் போய்வருவார். போன இடத்தில் கப்பலைப் பார்த்திருக்கிறார். பெட்டியை ஏற்றிவிட்டதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது, பெட்டி மட்டும் எங்கெங்கோ போகிறதே என்று அவருக்கு ஆற்றாமை. யார் யாரையோ பிடித்து, பயிற்சி எடுத்து, சரக்குக் கப்பலில் மேல்தள வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதல் தடவை லீவில் வந்தபோது எல்லோரும் கேட்டது, கடல் எப்படி இருக்கும் என்றுதான். அவர் மூக்கைச் சுருக்கி, "நம்ம மண்டி வாசனதான். ஆனா தண்ணி ஜாஸ்தி" என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம். அன்பு வந்தாலும் கோபம் வந்தாலும் வாயில் ஒரே சொல்தான்: எருமை. லோடு ஏற்றுகிற தோஸ்துகள் எல்லோரும் எருமைகள். நடக்கப் பழகுகிற குழந்தை தடுக்கி விழுந்தால் அதுவும் எருமை. கட்டிக்கொண்ட எஸ்தரும் எருமைதான்.

எஸ்தர் என் சிநேகிதி. தையல் லைனில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்தை மெஷினில் தைப்பாள். மத்தியானம் நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் டப்பாவிலிருக்கும் ஊறுகாய் அவளுக்கு, அவள் டப்பாவிலிருக்கும் கருவாட்டுக் குழம்பு யாருக்கும் தெரியாமல் எனக்கு. சாமு லீவில் வந்திருந்தபோதுதான் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. ஆன சில மாதத்தில் அவர் மறுபடி கப்பலேறிவிட்டார். எஸ்தர் மாமனார் ஆசீர்வாதத்தோடு அதே வீட்டில் இருந்தாள். மாமியார் முன்பே காலமாகிவிட்டார். ஆசீர்வாதத்துக்கு அந்த மண்டிக்காரரின் தோல் பதனிடுகிற டேனரியில் தோல் அலசுகிற வேலை. அதிகம் பேசாத மனுஷர்.

அவர்கள் வீட்டில் போன் கிடையாது. அதனால் சாமு ஏதாவது துறைமுகத்தில் இறங்கினால் எங்கள் கம்பெனிக்குத்தான் கூப்பிடுவார். "தங்கச்சி, அந்த எருமைய கொஞ்சம் கூப்புடேன்" என்பார். நான் டெலிபோன் போர்டை விட்டு எழுந்து தையல் லைனுக்கு ஓடுவேன். அங்கே மெஷின் இரைச்சலில் கூப்பிட்டால் காது கேட்காது. வாசலில் நின்று, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துக் காட்டுவேன். எஸ்தர் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்க்காத மாதிரி இருப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது.

என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? "சாப்ட்டியா?" என்று அவர் கேட்பார். "சாப்ட்டேன், நீ சாப்ட்டியா?" என்று இவள் கேட்பாள். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து அவ்வளவு செலவு செய்து கூப்பிட்டு இதைத்தான் பேசினார்கள். நான் எழுந்து தள்ளிப் போனாலும் பிரயோசனமில்லை. கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று எஸ்தர் கத்துகிற கத்தலில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் வரைக்கும் அவள் என்ன சாப்பிட்டாள் என்று தெரிந்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. தோல் காயவில்லை என்று டேனரிக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலைவேளையில் பம்பாயிலிருந்து போன். பேசியவர் இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார், சாமுவேலின் 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' இருக்கிறாரா என்று. நெருங்கிய உறவினர் என்று அதற்கு அர்த்தம் என்பது பிறகுதான் தெரியும். அப்போது அது யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்தேன். சீனாக்காரர் பெயர் மாதிரியும் இருந்தது. 'நோ சார், நோ சச் பர்சன் ஹியர் சார்' என்றேன். அவர், "ஒய்ஃப்?" என்றார். "யெஸ் சார், ஒய்ஃப் இருக்காங்க சார்" என்று தமிழிலேயே சந்தோஷமாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. வங்கக்கடலில் புயல். வேறொரு சரக்குக் கப்பல் மூழ்கியிருக்கிறது. அதிலிருந்தவர்களைக் காப்பாற்ற சாமுவின் கப்பல் போயிருக்கிறது. காப்பாற்றும்போது சாமு கடலில் விழுந்துவிட்டார். மிஸ்ஸிங். தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன். அன்றைக்கு ஓட முடியவில்லை. தையல் லைன் வாசலில் போய் நின்றேன். கையைக் காதில் வைக்கவும் இல்லை. ஆனால் நான் அங்கே வந்து நின்றாலே போன்தான் என்று எஸ்தருக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து எழுந்து ஓடிவந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு, எனக்கு முன்னாலேயே போர்டு ரூமுக்குப் போய்விட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் ரிசீவரை எடுத்து, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டாள்.

நான்தான் ரிசீவரை வாங்கினேன். நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. அவள் கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"காணோம்னு சொன்னாங்களா, செத்துட்டாருன்னு சொன்னாங்களா?"

"காணோம்னுதான்."

"அப்ப தேடுவாங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு நாள் தேடினார்கள், விமானம்கூட வந்து பார்த்தது என்று பின்னால் தகவல் வந்தது. அதோடு தேடுவது நின்றுவிட்டது. எஸ்தர் நிறுத்தவில்லை. வேலைக்கு வருவாள், தைப்பாள், மத்தியானம் என்னோடு போர்டு ரூமில் வந்து உட்கார்ந்திருப்பாள். டப்பாவைத் திறக்க மாட்டாள். போன் அடித்தால் போதும், நான் எடுப்பதற்குள் என் முகத்தைப் பார்ப்பாள். அந்த மாதங்களில் ஒவ்வொரு போனையும் பயந்துகொண்டே எடுத்தேன். சாயங்காலம் டேனரி விட்டதும் ஆசீர்வாதம் கம்பெனி கேட்டுக்கு வந்து நிற்பார். "எதனா வந்துச்சாம்மா?" என்று கேட்பார். இல்லை என்பேன். சரி என்று தலையாட்டுவார். மருமகளோடு நடந்து வீட்டுக்குப் போவார். ஒருநாள்கூட இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

சர்ச்சில் ஒரு ஜெபக் கூட்டம் வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எஸ்தர் ஒத்துக்கொள்ளவில்லை. காணாமல் போனவருக்குக் கூட்டம் வைத்தால், திரும்பி வந்து என்னைத் திட்டமாட்டாரா என்று கேட்டாள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் பேசினார்கள். ஆசீர்வாதம் மட்டும், "அது சொல்ற வரைக்கும் வேணாம்" என்று முடித்துவிட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எஸ்தரைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வலது தோளிலிருந்து கை வரை கட்டுப் போட்ட ஒரு ஆள் இறங்கினார். கறுத்து, ஒல்லியாக, சட்டையை ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இந்தாளு ஸ்டேஷன்ல நின்னுனு கப்பல் கப்பல்ன்றாரு. நம்ம ஊர்ல கப்பல்னா உங்க வூடுதான், அதான் இட்டாந்துட்டேன்" என்றார்.

வந்தவர் பெயர் அப்பாராவ். காக்கிநாடாப் பக்கம். தமிழ் தெரியாது. என் அம்மா பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரி, எங்கள் வீட்டில் தெலுங்குதான். அதனால் அன்றைக்கும் நடுவில் இருந்து பேசுகிற வேலை எனக்கே வந்தது. போர்டு மட்டும்தான் இல்லை.

மூழ்கிய கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை செய்தவர் அவர். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஏற்றியிருந்த இரும்புத் தாது மழையில் ஊறி ஒரு பக்கமாகச் சரிந்ததாம். கப்பலும் சரிந்துவிட்டது. எல்லோரும் ரப்பர் தெப்பத்தில் இறங்கிவிட்டார்கள். இறங்கும்போது அவருக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. சாமுவின் கப்பல் வந்து பக்கத்தில் நின்று கயிற்றேணியை இறக்கியது. அலை தெப்பத்தை மாடி உயரத்துக்குத் தூக்கும், உடனே பள்ளத்தில் போடும். கை கால் திடமாக இருந்தவர்கள் எப்படியோ பிடித்து ஏறிவிட்டார்கள். அப்பாராவால் முடியவில்லை. தெப்பத்தில் தனியாகக் கிடந்து, அம்மா அம்மா என்று தெலுங்கில் புலம்பியிருக்கிறார்.

அப்போதுதான் மேலேயிருந்து ஒருவர் ஏணி வழியாக இறங்கினார். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தார். மேலே எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார்கள். அவர் தெப்பத்தில் குதித்ததும் முதலில் கேட்டது, "நீதி ஏ ஊரு?" உன் ஊர் எது என்று. அந்தக் கடலில், அந்த மழையில், தன் பாஷையைக் கேட்டதும் தனக்கு உயிர் வந்தது என்றார் அப்பாராவ். அவர் ஊரைச் சொன்னார். இறங்கி வந்தவர், "மாதி ஆம்பூரு" என்றார். எங்கள் ஊர் ஆம்பூர். லோடு ஏற்றும் இடத்தில் கற்றுக்கொண்ட அரைகுறைத் தெலுங்கு அது.

பேசிக்கொண்டே, தன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து அப்பாராவின் மார்பைச் சுற்றிக் கட்டினார் சாமு. மேலே இழுக்கச் சொல்லிக் கையசைத்தார். அப்பாராவ் பாதி உயரத்தில் தொங்கும்போது ஒரு பெரிய அலை வந்து தெப்பத்தைக் கவிழ்த்தது. தண்ணீரில் சாமுவின் தலை தெரிந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். மேலேயிருந்து வளையம் வீசினார்கள். அடுத்த அலைக்குப் பிறகு தெரியவில்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அப்பாராவ் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். கயிறு கட்டும்போது அவர் தமிழில் ஏதோ இரண்டு மூன்று முறை சொன்னார், வீட்டுக்குச் சொல்லச் சொன்ன சேதியாக இருக்கும், மறந்துவிடக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு தினமும் சொல்லிப் பார்த்தேன், அதைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து, ஜெபம் சொல்வது மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"எருமெ, கைய விடாதெ."

நான் எஸ்தரைப் பார்த்தேன். அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் எங்கள் பக்கம் இல்லை. எஸ்தர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அழுதுகொண்டேதான் இருந்தாள், ஆனால் தோள் குலுங்கிய விதம் வேறு. சிரித்துக்கொண்டும் இருந்தாள். அத்தனை மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அப்பாராவ் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் அர்த்தம் சொன்னேன். மனுஷர் முகம் எப்படி எப்படியோ போயிற்று. கடைசியில் அவரும் சிரித்து, உடனே உடைந்து அழுதுவிட்டார்.

"என்கிட்ட கத்துக்கினதுதான் அந்த வார்த்த" என்றார் ஆசீர்வாதம். எழுந்து வந்து அப்பாராவின் நல்ல தோளில் கைவைத்தார். அப்பாராவ் அவர் காலைத் தொடக் குனிந்தார். ஆசீர்வாதம் விடவில்லை. அவரைக் கேளும்மா, சாப்பிட்டாரா என்று என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு எஸ்தர் சமைத்தாள். வலது கை முடியாதவருக்கு ஆசீர்வாதமே சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்து, ஸ்பூனைக் கையில் கொடுத்தார். அப்பாராவுக்கு ஊரில் ஒரு மனைவி, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள் என்று சாப்பிடும்போது தெரிந்தது. எஸ்தர் அந்தக் குழந்தைகளின் பெயரைக் கேட்டாள். மூத்தவள் பவானி, இளையவள் லட்சுமி. இரண்டு பெயரையும் ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். ரயிலுக்கு அவரை அனுப்பிவிட்டு வந்தபோது மாமனாரிடம், "சர்ச்ல சொல்லிடுங்க மாமா" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமுவுக்கு ஜெபம் நடந்தது. கம்பெனியிலிருந்து பாதிப் பேர் போயிருந்தோம். லோடு ஏற்றுகிற எருமைகள் அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் எஸ்தர் டப்பாவைத் திறந்தாள். போன் அடித்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஊறுகாய் கேட்டாள்.

சில வருஷம் கழித்து அவளுக்கு மறுபடி கல்யாணம் நடந்தது. கேட்டவர் எங்கள் கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்த்த பாஸ்கர். எஸ்தர் முதலில் முடியாது என்றாள். மாமனாரைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது என்பது அவள் கட்சி. நீ போகவேண்டாம், மாப்பிள்ளை இங்கே வரட்டும் என்பது ஆசீர்வாதத்தின் கட்சி. பாஸ்கர் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. கல்யாணத்தில் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது ஆசீர்வாதம்தான். காக்கிநாடாவிலிருந்து அப்பாராவ் குடும்பத்தோடு, ஒரு பெரிய டின் நிறைய அவர்கள் ஊர்க் காஜா இனிப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் காஜாவில் ஒன்றைக் கடித்துப் புதுப் புடவையில் பாகைச் சிந்திக்கொண்டவள் யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பாகு கறை போகவே போகாது. அந்தப் புடவை இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிறகு ஒவ்வொரு வருஷமும் வந்தார்கள். பவானி வளர்ந்து, நர்சிங் படிக்க வேலூரில் இடம் கிடைத்தபோது, ஹாஸ்டலில் சேர்க்கலாம் என்றார் அப்பாராவ். ஆசீர்வாதத்துக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டை வைத்துக்கொண்டு ஹாஸ்டலா? பவானி படிப்பு முடியும் வரை அந்த வீட்டிலிருந்துதான் காலை ரயிலில் வேலூர் போய்வந்தாள். அவரைத் தாத்தா என்று கூப்பிட்டாள். எஸ்தருக்கும் பாஸ்கருக்கும் பிறந்த பையனுக்குத் தெலுங்கில் திட்டக் கற்றுக்கொடுத்தாள். ஆசீர்வாதம் கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது, லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். வலி தெரியாமல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எல்லாம் செய்ய வீடு நிறைய ஆள் இருந்தது.

இப்போது பாருங்கள், நான் சொன்னதில் ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை. கம்பெனி கைமாறி, மூடி, கிடங்காகிவிட்டது. போர்டு பழைய இரும்புக்குப் போயிருக்கும். மண்டி ஊருக்கு வெளியே போய்விட்டது. மேம்பாலம் கட்டுவதற்காக அந்தத் தெருவில் ஒரு வரிசை வீடுகளை எடுத்தார்கள். அதில் ஆசீர்வாதம் வீடும் போயிற்று. எஸ்தரும் பாஸ்கரும் ஊருக்குத் தள்ளி மாடி வீடாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன மாதம் நானும் எஸ்தரும் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்து போனோம். சென்னையில் வேலை பார்க்கிற பவானி, பிறந்த குழந்தையை முதல் தடவையாகத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பாலத்துக்கு அடியில் போகும்போது நான் நின்றுவிட்டேன். வரிசையாக பைக்குகள், ஒரு கரும்பு ஜூஸ் வண்டி, நான்கைந்து தூண்கள். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் வாசல் இருந்தது, அப்பாராவ் எந்த இடத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினார் என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன்.

"இன்னா பாத்துனு நின்னுட்ட?" என்றாள் எஸ்தர்.

"வூடு எங்க இருந்துச்சுன்னே தெரியல."

அவளும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியாட்டி போவுது வா. ட்ரெயின் வந்துரும், புள்ளய நான்தான் மொதல்ல வாங்கணும்."